முப்பதாயிரமா, ஒரு லட்சமா? லேப்டாப் வாங்கும் முன் என்னைக் கேட்பவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததில் இருந்து ஆடித் தள்ளுபடி முடியும் வரை என் போனுக்கு ஓய்வே கிடையாது. சித்தப்பா மகளுக்கு ஒன்று, மாடி வீட்டுக்காரர் பையனுக்கு ஒன்று, பழைய முதலாளியின் மச்சினனுக்கு ஒன்று என்று யாருக்காவது லேப்டாப் வாங்க வேண்டியிருக்கும். திருச்சியில் ஒரு சர்வீஸ் கடையில் ஆறு வருடம் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எல்லாம் தெரியாது. எது முதலில் உடையும் என்று தெரியும். கேட்டதையே கேட்கிறார்கள், சொன்னதையே சொல்கிறேன், தொண்டை வறண்டதுதான் மிச்சம் என்பதால் இந்த வருடம் எழுதியே வைத்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், பட்ஜெட்டா பிரீமியமா?

பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் வேண்டாம். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்ததையும் விடுங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருப்பதையும் விடுங்கள். நடுவில் ஐம்பது, அறுபதாயிரத்தை ஒட்டி இருப்பவற்றில் 16 ஜிபி ரேம் (திறந்து வைத்த வேலைகளைத் தாங்கும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்), ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாதது) மூன்றும் இருக்கிற ஒன்றை எடுத்தால் நான்கு வருடப் படிப்பு ஓடிவிடும்.

கையில் முப்பதுதான் இருக்கிறதா? அப்படியானால் புது பட்ஜெட் லேப்டாப்பை விட, கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய பிரீமியம் லேப்டாப்பே மேல் என்பது என் கட்சி. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஒரு லட்சம் கொடுப்பது யாருக்கு நியாயம் என்றால், தினமும் எட்டு மணி நேரம் அதன் முன் உட்கார்ந்து அதில் சம்பாதிக்கிறவர்களுக்கும், தினமும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்குகிறவர்களுக்கும்தான்.

விலையைப் பார்க்காமல் வருடத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். முப்பதாயிரம் ரூபாய் லேப்டாப் இரண்டரை வருடத்தில் மூச்சுவிடச் சிரமப்பட்டால் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப் ஆறு வருடம் வந்தால் வருடத்துக்குப் பத்தாயிரம். எல்லாமே இப்படி அமையாது, ஆனால் நான் பிரித்துப் பார்த்த லேப்டாப்களில் பெரும்பாலும் இப்படித்தான் அமைந்தது.

இரண்டிலும் ப்ராசஸர் ஒன்றுதான் போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு இருபதாயிரம் அதிகம்?

சரியான கேள்வி. லேப்டாப்பின் மூளையான ப்ராசஸரின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். மிச்சத்தைப் போட மாட்டார்கள், காசு மிச்சம் பிடிப்பதும் அந்த மிச்சத்தில்தான்.

முதலில் ஹின்ஜ். மூடியையும் கீழ்ப் பாகத்தையும் சேர்க்கும் கீல். சர்வீஸ் மேஜைக்கு வருகிற பட்ஜெட் லேப்டாப்களில் "திறக்கும்போது டக்குன்னு சத்தம் வந்துச்சு சார்" என்று வருகிறவையே அதிகம். கழற்றிப் பார்த்தால் கதை ஒன்றுதான். கீல் இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, கடுகு டப்பா மூடியின் திருகு அளவுகூட இல்லாத ஒரு பித்தளை வளையத்துக்குள் போகும். அந்த வளையத்தை வெறும் பிளாஸ்டிக்கில் பதித்திருப்பார்கள். புதிதில் கீல் விறைப்பாக இருக்கும். நம் பிள்ளைகள் மூடியை ஒரு மூலையைப் பிடித்துத்தான் திறப்பார்கள். நாளுக்கு இருபது முறை என்று ஒன்றரை வருடம் திறந்தால் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழுந்து, ஒருநாள் பித்தளை வளையம் ஸ்க்ரூவோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். அதற்கு மேலும் திறந்து மூடினால் திரைக்குப் போகும் கேபிளும் அறுந்துவிடும். நாங்கள் அரால்டைட் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க கிளிப் மாட்டி வைத்துவிட்டுக் காலையில் கொடுப்போம். ஆறு மாதம் தாங்கும். பாடியையே மாற்றச் சொன்னால் விலையைக் கேட்டுவிட்டு, "ஒட்டியே கொடுத்துருங்கண்ணே" என்பார்கள்.

விலை கூடிய லேப்டாப்களில் இந்த ஸ்க்ரூ அலுமினியத்திலோ மெக்னீசியக் கலவைச் சட்டத்திலோ நேராக இறங்கும். மூடியை ஒற்றை விரலால் தூக்கினால் கீழ்ப் பாகம் கூடவே எழும்பாமல் மேஜையில் நிற்கும். கடையில் இதை நீங்களே செய்து பார்க்கலாம். கீபோர்டு நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து எழுந்தால் அந்தச் சட்டம் இல்லை என்று அர்த்தம்.

இது தவிரத் திரை, பேட்டரி, ஸ்பீக்கர், டச்பேட், வைஃபை சிப், விசிறி என்று ஒவ்வொன்றிலும் ஐந்நூறும் ஆயிரமுமாகக் கிள்ளியிருப்பார்கள். ப்ராசஸரே ஒன்றாக இருந்தாலும், சின்ன விசிறியும் ஒற்றைச் செம்புக் குழாயும் உள்ள லேப்டாப்பில் பத்து நிமிடத்தில் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெயர் ஒன்று, வேலை வேறு.

திரையில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? எல்லாம் ஃபுல் எச்டி தானே?

ஃபுல் எச்டி என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும். வெளிச்சமும் நிறமும் அதில் வராது. பட்ஜெட் லேப்டாப்பின் விவரத் தாளில், தேடினால் மட்டும் கண்ணில் படும் இடத்தில், 250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருக்கும். முதலாவது வெளிச்சம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும், எழுத்து தெரியாது. 300-க்கு மேல் இருந்தால் சமாளிக்கலாம், 400 இருந்தால் திண்ணையில் உட்கார்ந்தும் வேலை பார்க்கலாம். இரண்டாவது நிறம். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்றால், சாதாரணமாக இணையத்தில் புழங்கும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அந்தத் திரையால் காட்ட முடியும். "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று போட்டிருந்தால் அது நல்ல திரை.

இளம்பிள்ளையில் வாட்ஸ்அப்பில் புடவை விற்கும் ஒரு அக்கா என்னிடம் வந்தார். படம் எடுத்து லேப்டாப்பில் போட்டு, நிறம் மங்கலாக இருக்கிறதே என்று ஏற்றிவிட்டு அனுப்புவாராம். வாங்கியவர்கள் எல்லாம் "போட்டோவுல ரத்தச் சிவப்பு, வந்தது செங்கல் சிவப்பு" என்று திருப்பி அனுப்புகிறார்கள். புடவையில் கோளாறு இல்லை, போனில் எடுத்த படத்திலும் இல்லை. அவர் லேப்டாப் திரைக்கு அந்தச் சிவப்பே தெரியாது. அவருக்கு லேப்டாப்பை மாற்றச் சொல்லவில்லை, நிறத்தைத் தொடாமல் போனில் இருந்தே நேராக அனுப்பச் சொன்னேன். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

உங்கள் வேலை எக்ஸெலும் கோடிங்கும் என்றால் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஐபிஎஸ் என்று இருந்தால் போதும். டிஎன் என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு நெகட்டிவ் மாதிரி தெரியும்.

கடைக்காரர் "ரைசன் 5, 7000 சீரிஸ், லேட்டஸ்ட்" என்கிறார். நம்பலாமா?

ப்ராசஸர் நம்பரின் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2023 மாடல்களுக்காக, ரைசன் ப்ராசஸர்களைச் செய்யும் ஏஎம்டி ஒரு புதுப் பெயர் முறையைக் கொண்டுவந்தது. அதில் முதல் இலக்கம் எந்த வருடத்து மாடல் என்பதைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பது மூன்றாவது இலக்கத்தில் ஒளிந்திருக்கும். ரைசன் 5 7520யு என்றால் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2, 2019-இல் வந்த வடிவமைப்பு, நான்கு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதிகள்). 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். ஒரே ஒரு இலக்கம்தான் மாறியிருக்கிறது, கடையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள், ஆனால் உள்ளே இருப்பது வேறு சரக்கு. போதாததற்கு 7520யு-வோடு வரும் ரேம் மதர்போர்டிலேயே பற்ற வைத்தது, பிறகு கூட்டவும் முடியாது.

இன்டெலும் இந்த விளையாட்டில் சளைத்ததில்லை. 2024-இல் வந்த கோர் 5 120யு என்பதில் 'அல்ட்ரா' என்ற சொல் இல்லாததைக் கவனியுங்கள், அப்போதைய புது வடிவமைப்புக்குத்தான் அந்தச் சொல். உள்ளே இருப்பது முந்தைய ராப்டர் லேக் வடிவமைப்பு. அது மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆபீஸ் வேலைக்குத் தாராளம். புதுசு என்று சொல்லிப் புது விலை வாங்குவதுதான் உறுத்துகிறது.

இன்டெலின் மலிவு ப்ராசஸரான செலரான் என்4020 போட்டது இன்னும் எங்காவது கிடந்தால், இரண்டே கோர், கண்ணை மூடிக்கொண்டு கடந்து போங்கள். என்100 பரவாயில்லை, நான்கு கோர், பாட்டு கேட்கவும் பில் போடவும் ஆகும். இன்ஜினீயரிங் பிள்ளைக்கு ஆகாது.

இருபதாயிரத்துக்குள் 64 ஜிபி லேப்டாப் வருகிறதே?

வேண்டாம். அதில் இருப்பது எஸ்எஸ்டி இல்லை, இஎம்எம்சி, அதாவது விலை குறைந்த போன்களில் போடும் சேமிப்புச் சிப். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. வாங்கிய அன்றே நிரம்பிய பாத்திரம் அது. முதல் பெரிய அப்டேட் வரும்போது இடம் இல்லை என்று நிற்கும், சிப் போர்டோடு ஒட்டியிருப்பதால் மாற்றவும் முடியாது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல டேப்லெட் வாங்கலாம்.

இப்போது 8 ஜிபி ரேமோடு வாங்கிவிட்டு அப்புறம் கூட்டிக்கொள்ளலாமா?

இரண்டு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் "தாராளமாக" என்று சொல்லியிருப்பேன். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்கள் போய்க்கொண்டிருக்கின்றன. மெமரி சிப் செய்யும் மைக்ரான் கம்பெனி தன் க்ரூஷியல் பிராண்டில் சில்லறை விற்பனையை நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்ததே நிலைமையைச் சொல்லிவிடும். ஆகவே அப்புறம் என்று தள்ளிப் போடாமல், முடிந்தால் இப்போதே 16 ஜிபியோடு வாங்குங்கள்.

முடியாவிட்டால் ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்றாவது கேளுங்கள். கடைக்காரர் "இருக்கு சார்" என்றால் அதை நம்பிவிடாமல், அந்த மாடலின் விவரத் தாளைக் கம்பெனியின் தளத்தில் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெலிசான பிரீமியம் லேப்டாப்களில் பெரும்பாலும் ரேமைப் பற்ற வைத்துவிடுகிறார்கள், அதனால் இந்த விஷயத்தில் விலை கூடியதுதான் கைகட்டி நிற்கும். தடிமனான, அழகில்லாத பட்ஜெட் லேப்டாப்பில் பின்பக்கம் பத்து ஸ்க்ரூவைக் கழற்றினால் ஸ்லாட் தெரியும். ஏழைக்கு ஒரு சலுகை.

8 ஜிபியில் என்ன ஆகும்? விண்டோஸே பாதியைத் தின்றுவிடும். குரோமில் பத்து டேப், ஒரு கூகுள் மீட், ஒரு வேர்டு ஃபைல் என்று திறந்தால் மீதியும் போய்விடும், அப்புறம் ஜவ்வு மாதிரி இழுக்கும். கோடிங் எழுதும் மென்பொருள்களான விஎஸ் கோடும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் சேர்ந்து ஓட வேண்டும் என்றால் 8 ஜிபியை மறந்துவிடுங்கள்.

மகள் மேக்புக் ஏர்தான் வேண்டும் என்கிறாள். ஃபேஷனுக்குக் கேட்கிறாளா, உண்மையிலேயே நல்லதா?

இரண்டும்தான். நல்லது என்பதை மறுக்க முடியாது. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்த பிறகு அந்த லேப்டாப்பில் விசிறியே கிடையாது, அதனால் தூசி அடைப்பதும் இரைச்சலும் இல்லை. 13 அங்குல மாடல் எடை ஒன்றேகால் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். காலையில் சார்ஜ் போட்டு எடுத்துப் போனால் சார்ஜரை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டுப் போகலாம். எம்4 ஏர் 2025 மார்ச்சில் இந்தியாவில் 99,900 ரூபாய்க்கு வந்தது, அதில் ஆரம்ப மாடலிலேயே 16 ஜிபி ரேம். பிறகு விற்றாலும் நல்ல விலைக்குப் போகும்.

ஆனால் முதலில் மகள் என்ன படிக்கிறாள் என்று சொல்லுங்கள். மெக்கானிக்கல் என்றால் டிசைன் மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் மேக்கில் ஓடாது. சிவில் என்றால் ஸ்டாட் ப்ரோ, ஈடேப்ஸ், ரெவிட் என்ற கட்டட மென்பொருள்கள் மூன்றும் விண்டோஸ்தான். பி.காம், சிஏ என்றால் கணக்கு மென்பொருளான டேலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். மேக்குக்குள் விண்டோஸை ஓட்டலாம் என்று சீனியர் யாராவது சொல்வார்கள். இப்போதைய சிப்பில் ஓடுவது ஏஆர்எம் வகை விண்டோஸ், அதாவது இன்டெல், ஏஎம்டி அல்லாத வேறு வகைச் சிப்புக்கானது, அதில் லேப் மென்பொருள் எல்லாம் ஒழுங்காக ஓடும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், விஸ்காம், டிசைன், ஆங்கில இலக்கியம் என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று, ரேமும் எஸ்எஸ்டியும் போர்டோடு போர்டாக இருக்கும். இடம் போதவில்லை என்று அப்புறம் மாற்ற முடியாது. எம்4 ஏர் வந்தபோது 256 ஜிபியை வாங்கும்போதே 512 ஆக்கச் சொன்னால் இருபதாயிரம் கூடியது, அந்த இருபதாயிரம் எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை. டீ கொட்டிவிட்டால் போர்டு மாற்றும் செலவுக்கு நடுத்தர விண்டோஸ் லேப்டாப் ஒன்று வாங்கிவிடலாம், அதனால் ஹாஸ்டல் பிள்ளை என்றால் விபத்துக் காப்பீட்டையும் விலையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்99 என்ற தட்டச்சு முறை மேக்கிலும் இருக்கிறது, விண்டோஸிலும் இருக்கிறது, எதையும் இறக்க வேண்டாம். தமிழ்த் தட்டச்சு மென்பொருளான என்எச்எம் ரைட்டர் பழகியவர்களுக்குத்தான் சிக்கல், அது விண்டோஸுக்கு எழுதப்பட்டது. வானவில், பாமினி ஃபான்ட்டில் ஃபைல் கேட்கும் அச்சகத்தோடு உங்களுக்குத் தொழில் என்றால் மேக் பக்கம் போகாமல் இருப்பதே நிம்மதி.

பேட்டரி 10 மணி நேரம் வரும் என்கிறார்கள். நிஜமா?

மணி நேரத்தை விடுங்கள், வாட் அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு, எவ்வளவு என்று பாருங்கள். பட்ஜெட்டில் 36-இல் இருந்து 42 வரை இருக்கும். பிரவுசரும் ஆபீஸும் ஓடும்போது லேப்டாப் சுமார் 8 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 40-ஐ எட்டால் வகுத்தால் 5 மணி நேரம். வீடியோ காலில் இன்னும் குறையும். விளம்பரத்தின் 10 மணி நேரம் என்பது வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கிடைத்த கணக்கு.

வீட்டில் ப்ளக் பக்கத்திலேயே வைத்து வேலை பார்ப்பவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். எப்போதும் சார்ஜரிலேயே இருந்தால் பேட்டரி உப்பிக்கொண்டு டச்பேடைத் தூக்கும், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லேப்டாப்போடு வரும் ஆப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பெரும்பாலும் இருக்கும், அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

சார்ஜர் யுஎஸ்பி சி வகையா என்றும் பாருங்கள். உருண்டைப் பின் சார்ஜர் ஊருக்குப் போகும்போது மறந்துபோனால் அவ்வளவுதான். சி வகை என்றால் நண்பனின் 65 வாட் சார்ஜரைக் கடன் வாங்கலாம்.

கேமிங் லேப்டாப் வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகிவிடுமே?

பையன் சொன்னானா? ஆகும். கூடவே இரண்டு கிலோவுக்கு மேல் எடை, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், கிளாஸில் ப்ளக் பாயின்ட் பக்கத்து சீட்டுக்குச் சண்டை. 3டி மாடலிங், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் செய்கிறவர்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவைதான், அப்படியானால் நல்ல முடிவு. மற்றவர்களுக்கு அது என்ன என்று உங்களுக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய திங்க்பேட் பாதி விலைக்குக் கிடைக்கிறதாமே, வாங்கலாமா?

நான் ஆசையோடு பதில் சொல்லும் கேள்வி இதுதான். ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப்பை மொத்தமாக மாற்றும். கழிக்கப்பட்டவை லாட் லாட்டாக ஏலத்தில் போய், துடைத்து, சர்வீஸ் செய்யப்பட்டு, சென்னை அண்ணா சாலைக்குப் பின்னால் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் அங்கிருந்து மற்ற ஊர்களுக்கும் வரும். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலீட்புக் 840 ஜி5 மூன்றும் அப்படி அடிக்கடி கண்ணில் படுபவை. புதிதில் நல்ல விலைக்கு விற்றவை, கீல்கள் கல் மாதிரி இருக்கும், கீபோர்டு இன்றைய பட்ஜெட் லேப்டாப் எதிலும் கிடைக்காது.

நான் ஏன் இந்த மூன்றைச் சொல்கிறேன் என்றால் மூன்றும் அதிகமாக வந்தது இன்டெல் 8-ஆம் தலைமுறை ப்ராசஸரோடுதான். விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் அதில் இருந்துதான். 7-ஆம் தலைமுறை கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த விலை வித்தியாசத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

கடையில் நின்று செய்ய வேண்டியது: ஆன் செய்து, விண்டோஸ் ஏறும் முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள், "எடுத்துக் கொடுத்துடறேன் தம்பி" என்பார்கள், வேண்டாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, நெட்டோடு இணைத்து முதல் முறை திறக்கச் சொல்லுங்கள். ஏதாவது கம்பெனியின் பெயர் போட்டு லாகின் கேட்டால் அது இன்னும் அந்தக் கம்பெனியின் பூட்டில்தான் இருக்கிறது. அடுத்து விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதில் பாதிகூட இல்லை என்றால் பேட்டரிக்கான பணத்தை விலையில் குறையுங்கள். திரையில் முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் போட்டுப் பாருங்கள். எல்லா யுஎஸ்பி ஓட்டையிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

டி480-இல் ஒரு சூட்சுமம். ஒரே மாடல் பெயரில் 1366க்கு 768 டிஎன் திரை வைத்ததும் வந்தது, ஃபுல் எச்டி ஐபிஎஸ் வைத்ததும் வந்தது. பிரீமியம் என்ற பெயருக்காகத் திரையைப் பார்க்காமல் வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். திருட்டு லேப்டாப் என்று நாளைக்கு யாராவது வந்து நின்றால் காட்டுவதற்கு அந்த ஒரு தாள்தான்.

நோ காஸ்ட் இஎம்ஐயில் பிரீமியம் எடுத்தால் மாதம் எட்டாயிரம்தானே?

வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். அது பெரிய தொகை இல்லை, அதை நான் பெரிதாக்க மாட்டேன். ரொக்கமாகக் கொடுத்தால் அதே கடையில் எவ்வளவு குறைப்பார்கள் என்று மட்டும் கேளுங்கள், நோ காஸ்ட் இஎம்ஐயின் உண்மையான காஸ்ட் அங்கே தெரிந்துவிடும்.

வாரண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

ஆன்சைட்டா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பது முதல் கேள்வி. ஆன்சைட் என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். பட்ஜெட் மாடல்கள் சிலவற்றில் அது இருக்காது. பட்டுக்கோட்டையில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏற வேண்டும், ஸ்பேர் வரவில்லை என்றால் மறுபடி ஏற வேண்டும். வாங்கும் முன் உங்கள் ஊருக்கு அருகில் எந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று பாருங்கள், அதை வைத்தே பிராண்டை முடிவு செய்தாலும் தப்பில்லை.

உடைந்த கீலைப் பெரும்பாலும் வாரண்டியில் ஏற்க மாட்டார்கள், "கஸ்டமர் டேமேஜ்" என்று எழுதிவிடுவார்கள். நான் சொந்தமாக வாங்கிய முதல் லேப்டாப்புக்கே அப்படி எழுதினார்கள், பதினோராவது மாதத்தில். அன்றைக்கு அந்தக் கவுன்டரில் நின்று கத்தியதுதான், பிறகு இதே தொழிலுக்கு வந்து நானும் பலருக்கு அதே வார்த்தையை விளக்கிச் சொல்ல வேண்டி வந்தது. விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று விற்பார்கள், வாங்கிய சில நாட்களுக்குள் எடுத்தால் விலை குறைவு. ஹாஸ்டல் பிள்ளைக்கு எடுங்கள். மேஜையை விட்டு நகராத லேப்டாப்புக்கு வேண்டாம்.

அக்கா பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறது. அதையே ஓட்ட முடியாதா?

2011-இல் தொடங்கிய திட்டத்தில் தந்த பழைய லேப்டாப் என்றால் அதில் ஹார்டு டிஸ்க்தான் இருக்கும். ஒரு சாதா சாட்டா எஸ்எஸ்டியை மாட்டினால் பழைய மாட்டுக்குப் புது லாடம் கட்டிய மாதிரி எழுந்து நடக்கும். விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுவிடுங்கள். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள், யாரும் திறந்து பார்த்ததில்லை. முதல் வருடத்துப் பைத்தான் பாடத்துக்கு இது போதும். இரண்டாம் வருடம் என்ன மென்பொருள் வேண்டும் என்று தெரிந்த பிறகு புதிதாக வாங்குங்கள், அதற்குள் பையனுக்கும் புத்தி தெளிந்திருக்கும்.

நீங்கள் சொல்லி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டா?

உண்டு. இரண்டு பேர். பெரியம்மா பையனுக்கு, காசில்லை என்றானே என்று, முப்பதாயிரத்துக்குள் ஒன்றைச் சொன்னேன். இரண்டாம் வருடமே கீல் போய், மூடி பின்னால் சாயாமல் இருக்க ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து பைனல் இயர் ப்ராஜெக்ட் வரை முடித்தான். இன்றைக்கும் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் தலையணை வேண்டுமா என்று கேட்கிறான்.

இன்னொருவர் என் அத்தை மகள். டியூஷன் எடுக்கிறாள், நல்லதாக ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று மாமா சொன்னார், நானும் கூடவே போய் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிவந்தோம். போன பொங்கலுக்குப் போயிருந்தேன். துண்டில் சுற்றி, பட்டுப் புடவைகளுக்கு நடுவில், பீரோவுக்குள் இருந்தது. "பிள்ளைங்க கை பட்டுக் கீறல் விழுந்துருமேன்னு எடுக்கிறதில்ல அத்தான்" என்றாள். டியூஷன் வீடியோவை எல்லாம் போனில்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். பேட்டரியைப் பார்த்தேன், இரண்டு சதவீதம். சார்ஜரைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.